எக்ஸுக்குச் சைபர் போட்டால்

அன்று காலை அகிலாவுக்குப் புடவை மடிப்பு வைத்து, தோளில் ஊசி குத்திவிட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் வயிறெரிய எவ்வளவோ இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் எனக்குக் காந்துவது இதுதான். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. என் கல்யாணத்துக்கு மாமனாரே தன் தறியில் நெய்த கோர்வைப் புடவை. குறுக்கிழை போடுகிற நாடாவை உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை பூட்டிக்கொண்டே போவதுதான் கோர்வை. கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நிறம் மாறும். அதை நான் பீரோவிலிருந்து வெளியே எடுப்பதே அபூர்வம். என் நாத்தனார் அகிலா வந்து, "கூரத்துல என் ஃப்ரெண்டுக்கு நிச்சயதார்த்தம் அண்ணி, அந்த அரக்குப் புடவையைக் குடுங்களேன்" என்று கேட்டபோது மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கொடுத்தேன்.

"குண்டா தெரியறேனா அண்ணி?"

"கல்யாணப் பொண்ணை வுட்டுட்டு எல்லாரும் உன்னையே பார்க்கப் போறாங்க, போ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மாமியார் பூஜை அலமாரியிலிருந்து குமரகோட்டம் கோயில் விபூதியை எடுத்து வந்து அவள் நெற்றியில் பூசி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு வேண்டுதல் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த விபூதி.

என் கணவர் உதயகுமார் பைக்கை வெளியே எடுத்தார். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறார். "இவளைக் கூரத்துல வுட்டுட்டு நான் அப்படியே கடைக்குப் போயிடறேன். நீ பஸ்ல போய்க்கோமா. உனக்கு மதியம்தானே?" என்றார். மதியம்தான். பைக்கில் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி உடைந்து பல மாதமாகிறது. நான் கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு மாத்திடறேன்" என்பார். அந்த நாளை இன்னும் வரவில்லை. முந்தானையைச் சுருட்டி அகிலாவின் மடியில் வைத்து, "கையை எடுத்துடாதே, சக்கரத்துல மாட்டிக்கப் போவுது" என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு அக்கறை எனக்கு.

எனக்கு மதியம் இண்டர்வியூ. பெங்களூர் ரோட்டில் திருப்புட்குழி தாண்டி புதிதாகத் திறந்திருக்கிற பள்ளிக்கூடம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேலை, ஒரே ஒரு இடம். பையன் பிறந்தபோது பழைய பள்ளிக்கூடத்தை விட்டவள், அவன் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட அன்றுவரை போர்டைத் தொடவில்லை. கணக்கு சொல்லிக் கொடுக்கிறவளுக்குப் போர்டு இல்லாமல் இருப்பது என்னவென்று மற்றவர்களுக்குப் புரியுமா தெரியாது. மாவு சலிக்கும்போது தாம்பாளத்தில் விரலால் கிராஃப் போட்டிருக்கிறேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்தது எப்போது வருமோ, வயசு என்னைக் கேட்டுக்கொண்டா நகரும்? அகிலாவும் எம்.எஸ்ஸி., பி.எட்.தான். "படிச்சுட்டு சும்மா இருக்காதே" என்று அவளை பி.எட். சேர்த்துவிட்டதே நான். ஆனால் இந்த வேலைக்கு அவளும் மனு போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

மாதிரிப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தலைப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்: விகிதமுறு சார்புகள். மேலே ஒரு பல்லுறுப்புக் கோவை, கீழே ஒரு பல்லுறுப்புக் கோவை. அதன் வளைகோடு ரொம்ப தூரம் போனால் எங்கே போய்ச் சேரும், எந்தக் கோட்டை நெருங்கும் என்பதுதான் பாடம். அந்தக் கோட்டுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் தொலைத்தொடுகோடு என்று பேர். அசிம்டோட் என்றால்தான் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். கொடியில் இந்த அரக்குப் புடவையைத்தான் கரை தெரியும்படி விரித்துப் போட்டேன். உதயகுமார் தன் போனில் வீடியோ எடுத்தார். 'எங்கே தடுமாறுறேன்னு பார்க்கணும், எடுங்க' என்று நான்தான் கேட்டேன். மேலே 2x + 3, கீழே x − 1. எக்ஸுக்கு ஒன்று போட்டால் கீழே சைபர் ஆகிவிடும், அங்கே வளைகோடு கிடையாது, அந்த இடத்தை நெருங்க நெருங்க ஒரு பக்கம் வானத்துக்கு ஏறும், மறுபக்கம் பாதாளத்துக்கு இறங்கும். அதுவே எக்ஸ் லட்சம், கோடி என்று போனால்? "லட்சத்துக்குப் பக்கத்துல மூணு என்ன, ஒண்ணு என்ன? கல்யாண மேளம் அடிக்கும்போது கொசு பாடின மாதிரி. மேல ரெண்டு எக்ஸ், கீழ ஒரு எக்ஸ், அடிச்சுவுட்டா மிஞ்சுறது ரெண்டு." அந்த ரெண்டுதான் கோடு. புடவைக் கரையைக் காட்டி, "கிராஃப் கிட்ட வரும், இன்னும் கிட்ட வரும்..." என்று சொல்லும்போது நிறுத்த வேண்டியதாகிவிட்டது. உள்ளே தறியில் புட்டா, அதாவது புடவைப் பூ, மாறுகிற இடம். அப்போது மாமனார் இழைக் கணக்கைச் சத்தமாகச் சொல்வார், எதிரே கரை நாடா ஓட்டும் மாமியார் அதைத் திருப்பிச் சொல்வார். நடுவில் எவரும் பேசினால் பூ தப்பிவிடும். அதனால் அந்தக் குரல் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம், சண்டை நடந்துகொண்டிருந்தாலும்கூட. நானும் தறிப் பக்கம் தலையைத் திருப்பி, கண்ணைத் தாழ்த்திக் காத்திருந்துவிட்டு, "...ஆனா தொடவே தொடாது" என்று முடித்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். போனில் கிராஃப் போடும் ஆப் ஒன்றில் சும்மா விளையாடிக்கொண்டிருந்தபோது, மேலே x, கீழே x² + 1 என்று அடித்தேன். கீழே எக்ஸின் அடுக்கு பெரிது, அதனால் தொலைவில் அது y = 0 என்ற கோட்டை, அதாவது எக்ஸ் அச்சையே நெருங்க வேண்டும். நெருங்கியது. ஆனால் நடுவில், ஆரம்பப் புள்ளியில், அந்தக் கோட்டின் மேலேயே ஏறி நின்று, அதை வெட்டிக்கொண்டு போயிருந்தது! தொடவே தொடாதாம். எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். நிலைக்குத்தாக நிற்கிற கோட்டைத்தான் தொட முடியாது. படுத்திருக்கிற கோடு தொலைவில் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நடப்பதற்கு அது பொறுப்பில்லை. சிரிப்புத் தாங்காமல் உதயகுமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றார், டிவியில் மேட்ச். "திருப்பி ஒரு வீடியோ எடுக்கலாங்களா?" என்றேன். "மெமரி ஃபுல்மா" என்றார்.

இண்டர்வியூ நாளன்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அங்கே சாக்பீஸா மார்க்கரா, போர்டு எவ்வளவு உயரம் என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டால் நல்லது என்று காலையிலேயே வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் அம்மாள் என் பேரைப் பார்த்துவிட்டு, "சங்கரியா? நீங்க மதியந்தானே. பரவால்ல, ஒரு கேண்டிடேட் இப்ப கிளாஸ் எடுத்துக்கினு இருக்குது. பசங்க லீவு, பெஞ்செல்லாம் காலிதான். வேணும்னா பின்னாடி உக்காந்து பாருங்க" என்றாள்.

வராந்தாவில் நடக்கும்போதே குரல் கேட்டது. "லட்சத்துக்குப் பக்கத்துல மூணு என்ன, ஒண்ணு என்ன? கல்யாண மேளம் அடிக்கும்போது கொசு பாடின மாதிரி."

உள்ளே யாரோ சிரித்தார்கள். என் கால் அப்படியே நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் அரக்குப் புடவையில், நான் வைத்த மடிப்பில், அகிலா போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போர்டில் 2x + 3, கீழே x − 1. நெற்றியில் விபூதி.

ஒருவேளை வீட்டில் நான் பாடம் எடுத்ததைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள், காதில் விழுந்ததைச் சொல்கிறாள் என்று, நம்புங்கள், அந்த நேரத்திலும் அவளுக்காக ஒரு சாக்குத் தேடினேன். அப்புறம் அவள் முந்தானையைக் கையில் பிடித்துக் கரையைக் காட்டினாள். "இந்த பார்டர்தான் அசிம்டோட். கிராஃப் கிட்ட வரும், இன்னும் கிட்ட வரும்..." என்று சொல்லி நிறுத்தினாள். தலையை இடது பக்கம் திருப்பினாள். கண்ணைத் தாழ்த்தினாள். அந்த அறையில் ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. தறி இல்லை, புட்டா இல்லை, கணக்கு சொல்கிற மாமனார் இல்லை. ஆனால் அகிலா காத்திருந்தாள், நான் காத்திருந்த அதே அளவுக்கு. பிறகு, "...ஆனா தொடவே தொடாது" என்றாள்.

நான் ஒத்திகை பார்த்த அன்று அவள் வீட்டிலேயே இல்லை, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தவளுக்குத்தான் அந்த நிறுத்தம் வரும். அந்த வீடியோ ஒரே ஒரு போனில்தான் இருந்தது. நாத்தனார் செய்தால் நாத்தனார் செய்தாள் என்று திட்டிவிட்டுப் போகலாம். என் புருஷன், என்னிடம் "தைரியமா எடு சங்கரி, நீதான்" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பக்கம் அதை எடுத்து அவளுக்கு ஊட்டியிருக்கிறார்.

முன் பெஞ்சில் பாடத்தை மதிப்பிட உட்கார்ந்திருந்த வயதானவர் சூடாமணி மேடம், சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், கல்லூரியில் கணக்குப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "எப்பவுமே தொடாதாம்மா?"

"எப்பவுமே தொடாது மேடம்."

"நிச்சயமா சொல்றேளா?"

"ஆமா மேடம். அசிம்டோட்னாலே அதானே."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அகிலாவின் கை தோளில் இருந்த ஊசிக்குப் போயிற்று. ஏன் அங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் பிடுங்கிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"நீங்க சங்கரியா? மத்தியானம் வரைக்கும் எதுக்குக் காத்துண்டு, இப்பவே எடுத்துடுங்கோளேன்" என்றார் சூடாமணி மேடம். அகிலாவிடம், "நீங்க கொஞ்சம் பெஞ்சுல உக்காருங்கோ. வெறும் பெஞ்சுக்குப் பாடம் எடுக்கறது கஷ்டம்" என்றார்.

அகிலா உட்கார்ந்தாள். நான் போர்டை அழித்தேன். என் கையெழுத்தைப் போலவே அவள் எழுதியிருந்ததை என் கையாலேயே அழித்தேன். மேளமும் கொசுவும் போயாயிற்று. புடவைக் கரையும் போயாயிற்று. நான் அதையே திரும்பச் சொன்னால் நான்தான் காப்பியடித்தவள். சொல்வதற்கு என்னிடம் மிஞ்சியிருந்தது, வீடியோவில் இல்லாத அந்த ஒன்றுதான். மேலே x, கீழே x² + 1 என்று எழுதினேன்.

"எக்ஸ் ரொம்பப் பெருசா போனா இது எங்க போகும்?" என்று அகிலாவைப் பார்த்தே கேட்டேன்.

"சைபருக்கு" என்றாள்.

"அப்ப அசிம்டோட் எது?"

"எக்ஸ் ஆக்சிஸ்."

"சரி. இப்ப எக்ஸுக்குச் சைபர் போடு. என்ன வருது?"

அவள் போர்டைப் பார்த்தாள். கணக்குத் தெரிந்தவள்தான், பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுத்து வரைக்கும் சிவந்துபோனாள். "சைபர்."

"அப்ப கிராஃப் எங்க நிக்குது?"

"கோட்டு மேலயே."

"தொட்டுக்கினுதானே நிக்குது?"

"ம்."

"அப்புறம்?" மார்க்கரை வைத்து ஆரம்பப் புள்ளியிலிருந்து வரைந்தேன். மேலே ஏறி, ஒன்றில் அரை உயரம் தொட்டு, அங்கிருந்து சரிந்து, போர்டின் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டே போனேன். "ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. அப்புறம் இது வெலகிப் போச்சு. இப்ப திரும்பக் கிட்ட வருது பாரு. இப்படியே போனா திரும்பத் தொடுமா?"

அகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தொடாது அண்ணி" என்றாள்.

சூடாமணி மேடம் நிமிர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பிரின்ஸிபாலும் நிமிர்ந்தார். மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஆத்துக்காராளா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி."

"முன்னாடி இவ எடுத்த பாடம் யார் தயார் பண்ணினது?"

நான் அகிலாவைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளை அங்கேயே மன்னித்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன். அவள் மடியில் கிடந்த முந்தானைக் கரையை விரலால் நீவிக்கொண்டே, "நாங்க சேர்ந்து தயார் பண்ணோம் மேடம். நானும் அண்ணியும்" என்றாள்.

"இல்ல மேடம். அது என் பாடம். அதுல இருந்த தப்பும் என்னோடதுதான்" என்றேன்.

பிரின்ஸிபால் பேனாவை மூடினார். "வீட்டு விஷயத்தை வீட்டுல பேசிக்குங்கம்மா. ரிசல்ட் மெயில்ல வரும்" என்றார். சூடாமணி மேடம் மட்டும் போர்டில் இருந்த வளைகோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாதகமாகவா, வேறெதையோ நினைத்தா, அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் பைக்கில் சாய்ந்தபடி உதயகுமார் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போகவில்லை. அகிலாவுக்கு முன்னால் நான் வெளியே வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று.

"உனக்கு மதியந்தானே?"

"இதுதான் மொதல்ல வருதா உங்க வாயில?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கிற பார்வை. "ரெண்டு பேருல யாருக்குக் கெடைச்சாலும் நம்ம வூட்டுக்குத்தானே சங்கரி."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாலாஜாவுல அகிலாவுக்கு ஒரு எடம் வந்துக்கினு இருக்குது. பொண்ணு வேலையில இருக்கணும்னு கேக்குறாங்க. நீயே யோசிச்சுப் பாரும்மா. உனக்கு நான் இருக்கறேன். அவளுக்கு யாரு இருக்கறா?"

"மாமாவுக்கும் அத்தைக்கும் தெரியுமா?"

பைக் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் சொல்லத் தேவையும் இல்லை. காலையில் மாமியார் கண்ணை மூடி முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. நான் கிளம்பும்போது அதே விபூதியை எனக்கும் பூசினார். நானும் குனிந்து நெற்றியைக் காட்டினேன். ஒரே கையால் இரண்டு பேருக்கும் பூசிவிட்டு, சாமியிடம் யாருக்காகக் கேட்டிருப்பார்? வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. இத்தனை நாளும் அந்த வீட்டில் நான் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தேன்! கணக்கு ரொம்ப தூரம் போனதும் அடிபட்டுப் போகிற மூணும் ஒண்ணும்தான் நான்.

"நீங்க எனக்கு இருக்கறீங்களா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். வெளியே வந்தபோது நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பதுபோல் இருந்தது.

அகிலா எங்களைத் தாண்டிப் போய் பைக் பக்கத்தில் நின்றாள். தலை நிமிரவில்லை. ஒரு பைக், பின்னால் ஒரு இடம். உதயகுமார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னை மறுபடி பார்த்தார். "நீ பஸ்ல வந்துடறியா? வூட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன். அவர் ஸ்டார்ட் செய்தார். அகிலா இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மண்ணில் இறங்கி ரோட்டுக்கு ஏறும்போதுதான் பார்த்தேன். முந்தானை மடியிலிருந்து நழுவி, உடைந்த கம்பி இருந்த பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு அரை விரல்கூட இருக்காது.

"அகிலா! முந்தானை! முந்தானையை எடுடீ!"

அவள் திரும்பவில்லை. இன்னும் குனிந்துகொண்டாள். நான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், வண்டியை இன்னும் வேகமாக விரட்டினார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ரோட்டில் ஓடினேன். பெங்களூர் ரோடு அங்கே நேர்க்கோடு. லாரிகளுக்கு நடுவில் பைக் சிறுத்துக்கொண்டே போனது. மாம்பழ மஞ்சள் கரை மட்டும் காற்றில் ஏறி, இறங்கி, சக்கரத்தின் பக்கமாக வந்து, விலகி, மறுபடி பக்கமாக வந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரிந்தவரைக்கும்.